எங்கள் வீட்டைப் போன்ற வீடுகள்

கோவிட்டின் இரண்டாவது நீண்ட முடக்கத்தின் நடுவில், மெல்பேர்ன் குளிர் எலும்புக்குள் இறங்கியிருந்த நாட்களில், மின்சாரக் கட்டணக் கடிதத்தோடு ஒரு படமும் வந்தது. சின்னப் பிள்ளைகளின் கொப்பியில் இருப்பதுபோல மூன்று வீடுகள் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். பச்சைக் கோடு சிக்கனமான வீடு. மஞ்சள் கோடு எங்கள் வீட்டைப் போன்ற வீடுகள். சிவப்புக் கோடு நாங்கள். எங்கள் கோடு கடதாசியின் மறுகரை வரைக்கும் போயிருந்தது. கீழே, குளிர்காலத்தில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கச் சில எளிய வழிகள் என்று தலைப்புப் போட்டு அறிவுரை. மேலதிகமாக ஒரு கம்பளிச் சட்டை போடுங்கள். திரைச்சீலைகளை மூடுங்கள். குளிக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

என் கணவர் அந்தப் படத்தைக் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். கட்டவேண்டிய தொகையைக்கூட அவர் அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. அந்தச் சிவப்புக் கோடுதான் அவரைச் சுட்டது.

"இந்தத் தெருவிலை ஆரைவிட நாங்கள் கூடப் பாவிக்கிறம்?" என்று என்னைக் கேட்டார். "முன்வீட்டுக்காரன் பட்டப்பகலிலை லைற்றை எரியவிட்டிருக்கிறான். அவனைவிடவோ?"

அந்த இடத்திலேயே எனக்குக் கோபம் வந்தது. எங்களைக் கேட்காமல் எங்களை அளந்து, எங்கள் தெருவோடு ஒப்பிட்டு, சட்டை போடச் சொல்லிப் படம் வரைந்து அனுப்ப இவர்கள் யார்?

நாங்கள் அப்போது நோபல் பார்க் என்ற புறநகரில் வாடகைக்கு இருந்தோம். பழைய மரப்பலகை வீடு. நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் கட்டைகளின்மேல் நிற்கும். ஹோலில் சுவரோடு பதித்த ஒரு காஸ் ஹீற்றர் இருந்தது. படுக்கையறைகளில் ஒன்றும் இல்லை, பிளக்கில் குத்தும் சின்ன ஹீற்றர்கள்தான். யன்னல் சட்டங்களுக்குள்ளால் காற்று வந்து திரைச்சீலையை ஆட்டும். கணவர் டண்டினொங்கில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பதினாறு வருடங்களாக மெஷின் ஓட்டுகிறவர். முடக்கத்தில் வேலையை முதலில் கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைத்து, பிறகு அதையும் நிறுத்தி வைத்தார்கள். மகளுக்குப் பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வகுப்பு, பரீட்சை எல்லாம் மடிக்கணினியில். நான் மொழிபெயர்ப்பாளர். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் நேரில் போய் எங்கள் சனங்களுக்காகக் கதைத்துவிட்டு வருவேன். முடக்கம் வந்தவுடன் எல்லாம் தொலைபேசிக்கு மாறியது. பின்பக்கப் படுக்கையறையில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு, கதவை மூடிக்கொண்டு, நாள் முழுக்க அங்கேயே வேலை செய்தேன்.

நான் முன்பு போய்வந்த கட்டடங்களில் லிஃப்ட் நின்றுவிட்டது, ஹீற்றர் நின்றுவிட்டது, நூறு விளக்குகள் அணைந்துவிட்டன. அந்தச் செலவெல்லாம் எங்கே போனது? என் படுக்கையறைக்கு வந்தது. என் கணவரின் தொழிற்சாலையிலும் மகளின் நூலகத்திலும் எரிந்த விளக்குகளும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. மூன்று பேர் பகல் முழுக்க இல்லாமல் கிடந்த வீட்டில் இப்போது மூன்று பேரும் பகலெல்லாம் அடைந்து கிடந்தோம். வெளியே போகவேண்டாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. உள்ளே இருந்ததற்குச் சிவப்புக் கோடு போட்டார்கள்.

கணவர் ஒரு வேலைத்திட்டம் போட்டார். வேலை இல்லாத ஒரு கெட்டிக்கார மனிதரை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் வேறென்ன நடக்கும்? முதலில் விளக்குகள். அறையை விட்டுப் போகிறவர் லைற்றை நூர்த்துவிட்டுப் போகவேண்டும். மறந்தால் பின்னாலேயே வந்து சுவிட்சைச் சத்தம் கேட்க அடிப்பார். பிறகு ரிவி, மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்தார். சோற்றுக் குக்கர் வெந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கிப் பழந்துவாயால் சுற்றி வைத்தார். பிறகு வீட்டையே சுருக்கினார். ஹோலை மட்டும் சூடாக்குவது, மற்ற அறைகளின் கதவுகளை மூடி, கதவடியில் சேலைத் துண்டுகளைச் சுருட்டி வைப்பது. மகள் ஹோல் மூலையில் காதில் ஹெட்போனோடு பாடம் கேட்டாள். கணவர் மற்ற மூலையில் இருந்தார். நான் மட்டும் பின்னறையில். நோயாளிகளின் இரகசியங்களை ஹோலில் வைத்து மொழிபெயர்க்க முடியாது. அந்த அறையில் ஹீற்றரைக் காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் போடலாம் என்று பேசித் தீர்மானித்தோம். பேசினவர் அவர், தீர்மானித்தவரும் அவர்.

விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு குறிப்பு எழுதினேன். ஒரு தாய்க்குப் பிள்ளையின் புற்றுநோயைப் பற்றி டொக்டர் சொல்வதை மொழிபெயர்க்கும்போது என் பற்கள் அடித்துக்கொண்டன. அந்தத் தாய் நான் அழுகிறேன் என்று நினைத்தாள். "அழாதேங்கோ அக்கா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதையும் விதிப்படி ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதாயிற்று. அன்று பின்னேரம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் கணவரைத்தான் கோபித்தேன்.

அந்த அறைக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. வெளிச்சுவரின் கீழ்ப்பக்கத்தில், தரையோடு ஒட்டி, கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்பி வரும். கோடைகாலத்திலேயே வீட்டு முகவருக்குப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். அவர் எழுதிய பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் சமையல் முறையில் நீராவி அதிகம், அதனால்தான் ஈரம் சேர்கிறது, தினமும் யன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று இருந்தது. எங்கள் வீட்டுக் குசினி முன்பக்கம். பூஞ்சணம் பின்னறையில். புட்டு அவித்த ஆவி ஹோலைத் தாண்டி, நடையைத் தாண்டி, மூடிய கதவுக்குக் கீழால் போய், தரைமட்டத்தில் சுவரைத் தேடிப் பிடித்ததாம். வேலை முறையில் நான் எவ்வளவோ கதைகளை மொழிபெயர்த்திருக்கிறேன், அந்த மாதிரிக் கதை கேட்டதில்லை.

ஆக, முகவர் யன்னலைத் திற என்றார். மின்சாரக் கொம்பனி யன்னலை மூடு என்றது. இரண்டு பேரும் அச்சடித்த எழுத்தில் சொன்னார்கள். காலையில் யன்னலைத் திறந்து நடுங்கினேன், மத்தியானம் மூடி இருமினேன்.

இவ்வளவும் செய்த பிறகு அடுத்த கடிதம் வந்தது. சிவப்புக் கோடு கொஞ்சமும் குறையவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் அரைக்கதையாகிவிடும். கணவர் எஞ்சியிருந்த ஒரே குற்றவாளியைக் கண்டுபிடித்தார். மகள் குளிக்கும் நேரம். அதற்கு நாலு நிமிடம் என்று அளவு வைத்தார். அவளுக்கு இடுப்புவரை தலைமயிர். முழுகும் நாளில் நேரமெடுக்கும்தான். ஒரு சனிக்கிழமை காலை, அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், கணவர் குளியலறைக் கதவில் தட்டினார்.

"பிள்ளை, நாலு நிமிசம் முடிஞ்சுது."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. மறுபடி தட்டினார், இந்தமுறை உள்ளங்கையால்.

"காணும்! நிப்பாட்டு! நீ ஒருத்தி குளிக்கிற தண்ணியிலைதான் இந்த வீடு எரியுது!"

தண்ணீர் நின்றது. அவள் தலையில் ஷம்பு நுரையோடு, துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் பார்க்காமல் குசினிக்குப் போய், சிங்க் குழாயைத் திறந்து, குளிர்தண்ணீரில் தலையைக் குனிந்து நுரையைக் கழுவினாள். அவளுடைய தோள் இரண்டும் நடுங்கின. நான் ஓடிப்போய்க் குழாயை மூடப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"இட்ஸ் ஃபைன் அம்மா. ஐ ஆம் சேவிங் எனர்ஜி."

அன்றிலிருந்து மூன்று கிழமை அவள் தகப்பனோடு கதைக்கவில்லை. ஒரே அறையில், ஒரே ஹீற்றருக்கு முன்னால், காதில் ஹெட்போனோடு இருந்தாள். பாடம் இல்லாத நேரத்திலும் அதைக் கழற்றவில்லை.

நான் கணவரைப் பிடித்து உலுப்பிவிட்டேன். "உங்களுக்கென்ன விசரோ? வளந்த பிள்ளை குளிக்கேக்கை கதவிலை அடிக்கிறீங்கள். ஒரு கடதாசியிலை கீறின கோட்டுக்காக!"

"அப்ப எங்கை போகுது?" என்று அவர் திருப்பிக் கத்தினார். "சொல்லும் பாப்பம். லைற் இல்லை, ஹீற்றர் இல்லை. எங்கை போகுது?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் அவருக்கே அதன் பொருள் விளங்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் அவர் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்தார். அப்போது எங்களுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலம் உலாவ அனுமதி. மூன்று பேரும் ஒன்றாகப் போவோம், மகள் இருபதடி முன்னால். போகமுன் அவர் ஃபிரிட்ஜைத் தவிர வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அணைத்து, வெளியே மீற்றரில் இருந்த இலக்கத்தை எழுதினார். திரும்பி வந்து மறுபடி எழுதினார். ஆளில்லாத, இருட்டு வீட்டில், நாங்கள் நடந்த அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க யாரோ கேத்தில் வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்தது போல மீற்றர் ஏறியிருந்தது.

அடுத்த நாள், வீட்டுக்கு வெளியே நின்று எங்களுக்குத் தண்ணீர் சுடவைக்கும் மின்சாரத் தாங்கியின் சுவிட்சையும் கீழே தட்டிவிட்டு நடக்கப் போனோம். திரும்பி வந்தபோது இலக்கம் அசைந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக் கோடிப்பக்கம் போனார். நானும் போனேன். அந்தத் தாங்கி பின்னறைச் சுவருக்கு வெளியே, ஒரு தகரக் கூட்டுக்குள் நின்றது. அதன் மேல்பக்கத்தில் ஒரு வால்வும், வால்விலிருந்து நிலத்தை நோக்கி ஒரு செப்புக் குழாயும். தாங்கிக்குள் அழுத்தம் கூடினால் கொஞ்சத் தண்ணீர் அந்த வழியால் சொட்டவேண்டும், அதற்குத்தான் அந்த வால்வு. குழாயின் நுனியில் யாரோ ஒரு பழைய தோட்டக் குழாய்த் துண்டை மாட்டி, கம்பியால் இறுக்கி, வீட்டுக்குக் கீழே காற்றுப்போக விட்டிருந்த ஓட்டைக்குள் செருகியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பூச்சட்டியும் வைத்திருந்தார்கள். நாலு வருடம் அந்தச் சட்டிக்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

கணவர் சட்டியைத் தள்ளிவிட்டுக் குழாயைப் பிடித்து இழுத்தார். அதன் நுனி வெளியே வந்ததும் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. சொட்டவில்லை, ஒரு விரல் தடிப்பில் ஓடியது. அந்தக் குளிரில் அதிலிருந்து ஆவி எழும்பி எங்கள் முகத்தில் அடித்தது.

அவர் கையை நீட்டினார். குளிரில் வெடித்துத் தோலுரிந்த கை. பிறகு நானும் நீட்டினேன். மகள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தவள், ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு வந்து குந்தி, அவளும் கையை நீட்டினாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு எங்கள் மூன்று பேரின் கைகளும் சூடானது அந்த இடத்தில்தான். வீட்டுக்கு வெளியே, ஒழுகுகிற தண்ணீரில்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நாங்கள் விளக்கை நூர்த்து, கையுறை போட்டு, பிள்ளையைத் தலையில் நுரையோடு வெளியே இழுத்து மிச்சம்பிடித்த அத்தனையும் இந்தக் குழாயால் வீட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்திருக்கிறது. தாங்கி இரவும் பகலும் தண்ணீரைக் கொதிக்கவைத்து மண்ணுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த மண் என் அறையின் தரைக்கு நேர் கீழே. அந்த ஈரம்தான் சுவரில் ஏறிக் கறுத்தது. அதற்குத்தான் என் புட்டில் பழி.

படமெடுத்து, வீடியோ எடுத்து, முகவருக்கு அனுப்பினேன். பதில் வர மூன்று நாள். வால்விலிருந்து தண்ணீர் சொட்டுவது சாதாரணமானது, ஒரு வாளியை வையுங்கள், கட்டுப்பாடுகள் இருப்பதால் இப்போது அவசரத் திருத்தங்கள் மட்டும்தான் செய்யமுடியும் என்றிருந்தது. கடைசியில் ஒரு வரி: நீங்கள் எல்லோரும் இப்போது வீட்டில் இருப்பதால் பாவனை கூடுவது இயல்பு.

அந்த வாளி காலையில் வைத்தால் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் நிரம்பியது. இன்னும் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கணவர் தாங்கியின் சுவிட்சை நாள் முழுக்க அணைத்து வைத்து, காலையில் மட்டும் போட்டார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. ஆளைத் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். தனியாக இருக்கும் வயதுபோன ஒரு தமிழர், கட்டணத்துக்கு உதவி கேட்டு ஒரு அலுவலகத்துக்கு எடுத்திருந்தார். அலுவலர் நல்ல மனிதர்தான், ஆனால் முதலில் ஒரு பட்டியலை வாசிக்கவேண்டும் என்று அவருக்கு விதி. மேலதிகமாக ஒரு சட்டை போடுகிறீர்களா, திரைச்சீலை மூடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாக வாசித்தார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அந்த ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, நான் பகலிலையும் கட்டிலிலை போர்த்துக்கொண்டுதான் கிடக்கிறன். லைற் போடுறேல்லை. ஹீற்றர் பழுதாப் போய் ரெண்டு வருசம். இன்னும் எதை நூக்கச் சொல்லுறார் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மறுமுனையில் அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரியை வாசித்தார். உங்கள் ஃபிரிட்ஜின் கதவு இறுக்கமாக மூடுகிறதா?

நான் அதையும் மொழிபெயர்த்தேன். என் வேலை அது. எனக்கென்று ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. அழைப்பு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழும்பி ஹோலுக்குப் போனேன்.

"இஞ்சருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டேன். "இண்டைக்கு முகவருக்கு ஃபோன் அடிப்பம். நீங்கள் கதையுங்கோ."

"என்ரை இங்கிலீசுக்கு அவன் சிரிப்பான். நீர் கதையும்."

"நீங்கள் தமிழிலை கதையுங்கோ. நான் மொழிபெயர்க்கிறன்."

ஸ்பீக்கரில் போட்டேன். முகவர் எடுத்ததும், வேலையில் சொல்வதுபோலவே சொன்னேன். வணக்கம், இந்த அழைப்பில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், வீட்டில் குடியிருப்பவர் தமிழில் பேசுவார், நான் முதலாம் ஆளில், அதாவது அவர் 'நான்' என்பதை 'நான்' என்றே மொழிபெயர்ப்பேன், எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அவர் கொஞ்சம் திகைத்து, சரி என்றார். இதுவரை என்னோடு அரட்டைபோலக் கதைத்தவரின் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது போலிருந்தது.

கணவர் கதிரையின் நுனியில் இருந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"தம்பி, நான் பதினாறு வருசமா மெஷினோடை வேலை செய்யிறனான். வால்வு ஒழுகுது, அது சாதாரணம் எண்டு நான் என்ரை சுப்பவைசருக்குச் சொன்னா அண்டைக்கே என்னை வீட்டை அனுப்பிப்போடுவினம். நீங்கள் எனக்கு வாளி வைக்கச் சொல்லுறீங்கள்."

ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சுடுதண்ணித் தாங்கி பழுதானா உடனை திருத்த வேணும் எண்டு வாடகைச் சட்டத்திலை இருக்குது. என்ரை மனிசி வாசிச்சுக் காட்டினவ. ஊரடங்கு அதை மாத்தேல்லை. அந்தக் குழாயை வீட்டுக்குக் கீழை ஒளிச்சு விட்டது நாங்களில்லை. என்ரை மனிசி அந்த ஈரத்துக்கு மேலை இருந்துதான் நாள் முழுக்க வேலை செய்யிறா. எங்கட சாப்பாட்டாலை பூஞ்சணம் பிடிச்சது எண்டு நீங்கள் எழுதின கடிதம் என்ரை கையிலை இருக்குது."

சொன்னேன். முகவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் நிறுத்தவில்லை. அவருடைய குரல் இறங்கியது.

"அந்தத் தண்ணிக்காக என்ரை பிள்ளையை நான் குளிக்கேக்கை கதவிலை அடிச்சு வெக்கப்படுத்திப்போட்டன். அவளிலை ஒரு பிழையும் இல்லை. நான் செய்தது பிழை. அதை நீங்கள் திருத்தேலாது, நான்தான் திருத்த வேணும். நீங்கள் வால்வைத் திருத்துங்கோ."

முதலாம் ஆளில் மொழிபெயர்ப்பேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. "என் பிள்ளையை நான் வெட்கப்படுத்தினேன்" என்று என் வாயால், என் குரலில், ஆங்கிலத்தில் சொன்னேன். இருபது வருட வேலையில் ஒரு வசனத்தை முடிக்க நான் அப்படிக் கஷ்டப்பட்டதில்லை. பார்க்கிறேன் என்றார் முகவர். பார்க்கிறேன் என்றால் எந்த நாள் என்று கணவர் கேட்டார். நான் கேட்டேன். நாளை மறுநாள் என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கணவர் திரும்பினார். மகள் தன் மூலையில், ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாள்.

"பிள்ளை..." என்று தொடங்கினார்.

"ஐ ஹேர்ட், அப்பா," என்றாள். "ட்வைஸ்."

பிறகு எழும்பிப் போய்க் கேத்திலை வைத்தாள். மூன்று கோப்பை எடுத்தாள்.

சொன்ன நாளில் குழாய் வேலைக்காரர் வந்தார். முகக்கவசத்துக்கு மேலால் எங்களைப் பார்த்து, இது எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார். தெரியாது என்றோம். டோர்ச்சோடு வீட்டுக்குக் கீழே தவழ்ந்து போனவர், முழங்காலெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார். வால்வு வருடக்கணக்காகச் செத்துக் கிடக்கிறது, தாங்கியின் அடியும் துருப்பிடித்துவிட்டது, குழாயை இப்படி ஒளித்து வைத்தவர் ஒழுகுவதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார் என்றார். நாங்கள் வந்து நாலு வருடம் என்று சொன்னதும், அப்படியானால் நீங்கள் வர முன்னமே என்று சேர்த்துக்கொண்டார். புதுத் தாங்கி வந்தது. அடுத்த கடிதத்தில் எங்கள் கோடு மஞ்சளுக்கும் கீழே போயிருந்தது. படத்துக்கு மேலே வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். கணவர் அதைக் கிழித்துப்போட்டார்.

ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மண்ணுக்குப் போன மின்சாரத்தைப் பற்றி நான் முகவருக்கு எழுதிய கடிதத்துக்கு, வீட்டு உரிமையாளர் நல்லெண்ணத்தோடு புதுத் தாங்கியே போட்டுத் தந்திருக்கிறார் என்று பதில் வந்தது. அந்த நல்லெண்ணத்தின் விலை அடுத்த இலையுதிர்காலத்தில் தெரிந்தது. வாடகையைக் கூட்டக் கூடாது என்றிருந்த பெருந்தொற்றுக்காலத் தடை முடிந்தவுடனேயே வாடகை உயர்வுக் கடிதம் வந்தது. காரணம் கேட்டேன். வீட்டில் அண்மையில் செய்த மேம்பாடுகள் என்றார்கள், குறிப்பாக, மின்சாரத்தைச் சேமிக்கும் புதிய சுடுதண்ணீர்த் தாங்கி.

அதை வாசித்தபோது நான் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. கணவர், "விடும், வேறை வீடு பாப்பம்," என்றார். நான் விடவில்லை. எல்லாப் படங்களையும், எல்லாக் கடிதங்களையும், அவர் மீற்றர் இலக்கம் எழுதிய கொப்பியையும் சேர்த்து, வாடகைக்காரர் முறைப்பாடுகளைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு பெண் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்னறைச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். அவர் அறிக்கை எழுதின பிறகு உயர்வில் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். எல்லாவற்றையும் இல்லை. அடுத்த வருடம் நாங்களே விட்டு வெளிக்கிட்டோம்.

இப்போது டண்டினொங்குக்குப் பக்கத்தில், வேறொரு வீட்டில் இருக்கிறோம். போன வருடம் அங்கே ஒரு சமூக மண்டபத்தில், கோவிட் காலத்தில் குடும்பங்கள் கற்றுக்கொண்ட நல்ல பழக்கங்களைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். இந்த முறை நான் மொழிபெயர்ப்பாளராகப் போகவில்லை, சும்மா போனேன். சமோசாவும் தேத்தண்ணியும் தந்தார்கள். ஒரு படிவமும் தந்தார்கள். விளக்கை அணைத்தல், ஒரு அறையை மட்டும் சூடாக்குதல், குறைந்த நேரம் குளித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னப் பெட்டி. எது இன்னும் உங்கள் வீட்டில் தொடர்கிறதோ அதற்குச் சரி அடையாளம் போடவேண்டும்.

உண்மையைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் சரி போடலாம். கணவர் இப்போதும் எனக்குப் பின்னால் வந்து சுவிட்சை அடிக்கிறார். நானும் பழகிவிட்டேன், இருட்டில் நடமாட எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் என் பேனை அசையவில்லை. பயத்தாலும் வெட்கத்தாலும் எங்களுக்குள் திணித்த ஒன்றை நல்ல பழக்கம் என்று பெயர் வைத்து, அதற்கு நாங்களே சரி போட்டுக் கொடுக்கவேண்டுமா?

படிவங்களைச் சேர்த்துக்கொண்டு வந்த பெண் தமிழ்ப் பிள்ளைதான், இங்கே பிறந்தவள். வெறும் பெட்டிகளைப் பார்த்தாள்.

"அன்ரி, ஒண்டும் டிக் பண்ணேல்லையா?"

"ஒழுகுற தாங்கிக்கும் பூஞ்சணத்துக்கும் பெட்டி எங்கை, பிள்ளை?"

"அதுக்கு இந்த ஃபோர்மிலை இடமில்லை அன்ரி. இது ஹாபிட்ஸ் மட்டும்."

"அப்ப பின்பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு," என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினேன். அவள் போகாமல் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தாள். நான் எழுத எழுத வாசித்தாள். முதல் பந்தி முடிந்தபோது, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நானும் ஃப்ரெண்ட்ஸோடை ரென்ற்றிலைதான் இருக்கிறன் அன்ரி. எங்கட பாத்ரூம் சீலிங்கும் ஃபுல்லா கறுப்பு. நாங்கள் ஃபான் போடாமல் குளிக்கிறதாலை எண்டு ஏஜென்ட் சொல்லுறார்."

"பாத்ரூமிலை ஃபான் இருக்குதோ?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றாள்.